நீவா ஊர் திரும்பவில்லை

ஃப்ளோரியானோபொலிஸ்
9 பிப்ரவரி 1986

அன்பு அண்ணன் அன்செல்மோவுக்கு,

தங்கை நீவா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஹில்டா அண்ணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

வழியில் டோரஸிலிருந்து அட்டை போட்டபின் ஒரு மாதமாக என்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை என்று நீ கொதித்துக்கொண்டிருப்பாய். வண்டிக்கு அடி. இந்த ஊர் இருக்கும் தீவுக்குள் நுழையும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மழையில், எதிரே ஒரு லாரி. பெரிதாக ஒன்றுமில்லை. முன்சக்கரம் கோணிவிட்டது, வலப்பக்க மிதி நசுங்கிவிட்டது. உதிரிப்பாகம் கிடைத்து வேலை முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.

வடகோடி பெலெம்வரை போவதாகக் கிளம்பியவள் எண்ணூறு கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டாள் என்று சிரிப்பதானால் சிரித்துக்கொள். நின்றிருக்கிறேன். திரும்பவில்லை.

என் ஜன்னலில் கடல் தெரிகிறது. காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம். பாஜேயில் பிறந்து புல்லையும் மாட்டையும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வெயிலுக்குப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அண்ணிக்கு என் முத்தம்.

நீவா

*

பாஜே
26 பிப்ரவரி 1986

தங்கை நீவாவுக்கு,

அன்செல்மோ எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். என் முதுகு அதன் போக்கில் வலிக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாய். ஓய்வு பெற்ற வாரமே மோட்டார் சைக்கிள் வாங்கினாய். ஊரே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், நீ என் தங்கையாக இல்லாவிட்டால். நாற்பது வருஷமாகக் குதிரை பழக்குகிறவனின் வீட்டிலிருந்து ஒருத்தி இரும்பில் ஏறிப் போகிறாள். குதிரை பள்ளத்தைக் கண்டால் நிற்கும், நீவா. இரும்புக்குக் கண் கிடையாது.

கடிதத்தை ஹில்டாவிடம் படித்துக் காட்டினேன். "வண்டிதான உடஞ்சுது, அவ உடையலையே. விடுங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை. வண்டியை அங்கேயே யாரிடமாவது தள்ளிவிட்டுப் பேருந்து ஏறு. பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்செல்மோ

*

ரிபெய்ராவ், தீவின் தென்பகுதி
16 மார்ச் 1986

அன்பு அண்ணா,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். நான் சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வந்தது.

நகரத்திலிருந்து இடம் மாறிவிட்டேன். இது மீனவர் தெரு. வரிசையாக ஒட்டிக்கொண்ட ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம், எதிரே குளம்போல அசையாத கடல். அறை கொடுத்திருப்பவள் வால்டெலீனா அம்மா. வாசலில் மூன்று மேசை போட்டு மீன் பொரித்துத் தருகிறாள். வந்த அன்றே என் மடியில் ஒரு கூடையைப் போட்டாள்.

"ஏ தெற்கத்திக்காரி, சும்மா உக்காந்து கடலப் பாத்தா சோறு வராது. இந்தா, பூண்டு உரி."

வண்டியைப் பக்கத்து வீட்டு ஜாசிரிடம் விட்டிருக்கிறேன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். மோட்டார் சைக்கிளைத் தொட்டதே இல்லையாம். என்னை டீச்சரம்மா என்கிறார். நூலகம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. "டீச்சரம்மா, நான் பாத்ததெல்லாம் தண்ணில போகும். இது தரையில போகுது. அவ்ளோதான வித்தியாசம்? பாத்துக்கலாம்" என்றார். வேலை மெதுவாக நடக்கும் என்று உனக்கே புரிந்திருக்கும்.

வாசலிலிருந்து கடல் நாற்பது அடி. நான் இன்னும் போகவில்லை. போவேன்.

பின்கட்டு அறையை ஹில்டா அண்ணியின் தையல் எந்திரத்துக்குக் கொடுத்துவிடு.

நீவா

*

பாஜே
13 ஏப்ரல் 1986

தங்கைக்கு,

நலம். ஹில்டாவும் நலம்.

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரமில்லை. இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். வெந்நீர் ஊற்றி உறிஞ்ச, நம் ஊர் மாத்தே இலை ஒரு பை. ஒரு டப்பாவில் களிம்பு. சேணம் உராய்ந்து குதிரைக்குப் புண்ணாகும் இடத்தில் தடவுவது. மனிதத் தோலுக்கும் கேட்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டாதே. கடலோர ஈரத்துக்குத் தோல் வெடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதற்காகத்தான்.

நன்றாகச் சாப்பிடு.

அன்செல்மோ

*

ரிபெய்ராவ்
4 மே 1986

அன்பு அண்ணா,

இருவருக்கும் நலம் உண்டாகட்டும். நீ திட்டாமல் எழுதியதில் பயந்துபோனேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மறைக்காமல் எழுது.

மாத்தே தீரப்போகிறது. வால்டெலீனா அம்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இத மாட்டுக்குப் போட்டாலும் மொகத்தத் திருப்பிக்கும்" என்றாள். மறுநாளும் வந்து கேட்டாள். களிம்பு நல்ல களிம்பு. கேட்டது.

உதிரிப்பாகம் இன்னும் வரவில்லை. நேற்று கடலுக்குப் போனேன். போய்வர முக்கால் மணி ஆயிற்று. தண்ணீரில் கை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏனென்று கேட்காதே, நாற்பது அடிக்குத்தான். வால்டெலீனா அம்மா கண்டுகொள்ளவே இல்லை. "ஒடஞ்ச நாற்காலியக்கூட வெச்சுக்குவேன், அழுவுற ஆள வெச்சுக்க மாட்டேன். பூண்டு உரிக்கிறதா இருந்தா அழு, கணக்குல வராது" என்று கூடையைத் தள்ளினாள்.

ஊருக்கு வரமாட்டேன். இந்த முறை நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நீவா

*

பாஜே
25 மே 1986

நீவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம்.

உதிரிப்பாகம் கதையை இத்தோடு நிறுத்து. ஜூன் மூன்றாம் வாரம் மாட்டு லாரியை எடுத்துக்கொண்டு வருகிறேன். உன்னையும் ஏற்றுவேன், வண்டியையும் ஏற்றுவேன். அம்மா கண்ணை மூடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைத்தான் சொன்னாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நின்றிருக்கிறேன் என்று எழுதினாய். நிற்பதற்கு இங்கே ஒரு வீடு இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறது. விழுந்தால் தூக்க நான் இருக்கிறேன். அங்கே யார் இருக்கிறார்கள், மீன் பொரிக்கிறவளா?

பெட்டியைக் கட்டி வை.

அன்செல்மோ

*

ரிபெய்ராவ்
8 ஜூன் 1986

அன்பு அண்ணா,

நீயும் அண்ணியும் குளிருக்குக் கணப்பு மூட்டியிருப்பீர்கள். இங்கேயும் தெற்குக் காற்று வந்துவிட்டது. உன் பக்கத்திலிருந்து கிளம்பி வருகிற காற்றுதான், அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக அடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

லாரியைக் கொண்டுவராதே. கொண்டுவந்தால் காலியாகத்தான் திரும்பும்.

ஐம்பத்தோரு வயதுவரை யாரோ ஒருவருடைய பின்கட்டில் இருந்தேன். முதலில் அப்பாவுடையது, அப்புறம் உன்னுடையது. நல்ல பின்கட்டுதான். குறை சொல்லவில்லை. அம்மா உன்னிடம் என் பேரைச் சொன்னாள் என்றால் அது என் பேர். என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாய். சொல்கிறேன். வியாழக்கிழமை மடவை மீன் கூட்டம் வந்தது. பாறைமேல் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் தொப்பியை எடுத்து வீசியதும் தெருவே காலியாயிற்று. தபால்காரர் பையைக் கீழே போட்டார். வால்டெலீனா அம்மா கையில் கரண்டியோடு ஓடினாள். படகு வலையை வளைத்து விட்டுவிட்டு வர, கரையில் இரண்டு பக்கமும் கயிறு. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி இழுத்தாகிவிட்டது. வால் பக்கம் கயிற்றைப் பிடித்தேன். எல்லாரும் நின்று இழுத்தார்கள். நான் மணலில் உட்கார்ந்து, குதிகாலைப் பதித்து இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

பங்கு பிரிக்கிறவர் என் முன்னால் இரண்டு மடவையைப் போட்டுவிட்டு நகர்ந்தார். நான் பாதியில் வந்தவள் என்றேன். "கயித்தத் தொட்டியா இல்லையா? தொட்டவங்களுக்கெல்லாம் உண்டு. எடுத்துக்கிட்டு எடத்த விடு, பின்னால ஆளு நிக்கிது" என்றார். பாவம் பார்த்துக் கொடுத்ததல்ல, அண்ணா. பங்கு. சினையைப் பொரித்துத் தின்றோம். மீதியை வால்டெலீனா அம்மா குழம்பு வைத்து, அதில் மரவள்ளி மாவைக் கிண்டிக் களியாக்கினாள்.

நான் இங்கே இருக்கிறேன். என் வண்டியில்தான் இங்கிருந்து கிளம்புவேன். அதுவும் வடக்கே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

நீவா

*

ரிபெய்ராவ்
20 ஜூலை 1986

அன்பு அண்ணா,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

ஜூன் மூன்றாம் வாரம் முழுக்க லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்குப் போனேன். உன்னோடு போட ஒரு சண்டையே தயாராக வைத்திருந்தேன். நீ வரவில்லை. கடிதமும் இல்லை. ஆறு வாரமாகிறது. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. அண்ணிக்கு ஏதாவது என்றால் தந்தி கொடு.

நீவா

*

ரிபெய்ராவ்
24 ஆகஸ்ட் 1986

அன்பு அண்ணா,

அண்ணி போட்ட நான்கு வரி வந்தது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். உங்க அண்ணன் பேனாவ எடுக்கறாரு, வெக்கறாரு" என்று எழுதியிருந்தாள். அதனால் தைரியமாக இதை எழுதுகிறேன்.

உட்கார்ந்து படி. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அந்த லாரி என் வலது காலின்மேல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினேன். வண்டி மார்ச் கடைசியிலேயே தயாராகிவிட்டது. தயாராகாதது நான்தான். மே மாதம் செயற்கைக் கால் பொருத்தினார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கால் ஒடிந்த குதிரையை நீ என்ன செய்வாய் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைச் சுடமாட்டாய். அதைவிட மோசமானதைச் செய்வாய். பின்கட்டில் கட்டிவைத்துத் தினமும் வந்து தடவிக்கொடுப்பாய். நானும் ஒருநாள் அதற்குப் பழகிவிடுவேன். அந்த நாளுக்குத்தான் பயந்தேன்.

இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டுநர் உரிமம் மறுபடி கிடைத்துவிட்டது. கால் போனால் பழையது செல்லாதாம்.

காலால் அழுத்தும் பின்பிரேக்கை ஜாசிர் இடது கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். படகின் கம்பி, படகின் உருளை. கியர் இடது காலில்தான், அதற்குச் சிக்கலில்லை. உதைத்துக் கிளப்புவதுதான் பாடு. வண்டிக்கு வலப்புறம் இறங்கி நின்று, பொய்க்காலில் எடையைப் போட்டு, இடது காலால் உதைக்க வேண்டும். ஜூன் முழுக்க அதற்கே போயிற்று. முற்றத்து மண்ணை நான் சாப்பிட்ட அளவுக்கு வால்டெலீனா அம்மாவின் கோழிகூடச் சாப்பிட்டிருக்காது.

உரிமம் கொடுக்கும் இடத்தில் ஓர் அலுவலர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை படிவத்தை விரலால் தட்டினார்.

"அம்மா, ஒரு கால் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல நான் எதப் பாக்கணும்?"

"இல்லாதத நான் எழுதிட்டேன். ஓட்ட வருதா வரலையான்னு நீங்கதான் எழுதணும். பாக்காமலே எழுதுவீங்களா?"

"வீட்ல சொல்றதுக்கு யாரும் இல்லையா?"

"இருக்காங்க. நல்லாவே சொல்லுவாங்க. ஓட்டப்போறது நான்."

மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிடப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில் சலித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். இரண்டு உதைக்கும் வண்டி கிளம்பவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது உதைக்குப் பிடித்தது. பீப்பாய்களுக்கு நடுவே எட்டுப் போட்டேன். மேட்டில் நிறுத்தி எடுத்தேன். அவர் கை காட்டிய இடத்தில் நின்றேன். கையெழுத்துப் போட்டார்.

"எங்கயாவது விழுந்தா என் பேரச் சொல்லிடாதீங்க."

"எழுந்தா சொல்றேன்" என்றேன்.

இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீ லாரியோடு வருவதானால் இப்போது வா. ஏறமாட்டேன். ஆனால் வா.

நீவா

*

பாஜே
9 செப்டம்பர் 1986

அன்பு நீவா,

நாங்கள் சுகம். உன் காலைப் பற்றி முதல்முறையாகக் கேட்கிறேன்: குளிருக்கு வலிக்கிறதா?

எனக்கு ஏப்ரலிலிருந்து தெரியும். என் கடித உறையிலிருந்து முகவரி எடுத்து அந்த மீன்கார அம்மா எழுதினாள். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம். "உங்க தங்கச்சிக்கு ஒரு காலு போச்சு. வாயி போகல. அவ சொல்றவரைக்கும் நீங்க தெரிஞ்சதாக் காட்டிக்காதீங்க" என்று. அந்தக் கடிதத்தோடு தொழுவத்துக்குப் போய்விட்டேன். ஹில்டா வந்து கூட்டிக்கொண்டு வந்தாள். களிம்பு அதற்குத்தான் அனுப்பினேன். அன்றே பின்கட்டில் படியை இடித்துச் சரிவு போட்டேன். சுவரில் கைப்பிடி அடித்தேன். கட்டிலைத் தாழ்த்தினேன். நீ எழுதியிருக்கும் குதிரை வரி என்னைச் சுட்டது. நான் செய்தது அப்படியே அதுதான்.

லாரி வந்தது, நீவா. ஜூன் பத்தொன்பதாம் தேதி காலை. தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். உன் முற்றத்துச் சுவர் இடுப்பளவுதான். தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் நின்றேன். நீ வண்டிக்கு வலப்புறம் நின்று உதைத்தாய். வண்டியோடு விழுந்தாய். அந்தப் படகுக்காரர் ஓடிவந்தார். "தொட்டீங்க, கையை ஒடிப்பேன்" என்றாய். நம் அப்பாவின் குரல். அவர் கையை உயர்த்திக்கொண்டு பின்னால் போனார். எழுந்தாய். வண்டியைத் தூக்க மட்டும் அவரைக் கூப்பிட்டாய். மறுபடி விழுந்தாய். என் கால் இரண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டது.

அப்போது அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். "அண்ணன்தான? மூக்கே சொல்லுது. போய்த் தூக்கணும்னா தூக்குங்க. நான் தடுக்கல. ஆனா இன்னிக்கி நீங்க தூக்கிட்டா நாளைக்கி அவ தானா எழுந்திருக்க மாட்டா. எது வேணும்னு பாத்துக்குங்க."

நாற்பது வருஷமாக மிருகங்களை நிற்க வைத்தும் நடக்க வைத்தும் பிழைக்கிறேன். என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. மூன்றாவது முறை நீ எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. மண்ணில் உட்கார்ந்து பொய்க்காலின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாய். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்தாய். உதைத்தாய். வண்டி பிடித்தது. நீ சிரித்தாய். நீ நூலகத்தில் இருந்த இருபத்தெட்டு வருஷமும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பிப் போய்விட்டேன். லாரி காலியாகத்தான் வந்தது, நீ சொன்னபடி. ஹில்டா, "எங்க அவ?" என்றாள். "வேலையா இருக்கா" என்றேன். அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் கை "வந்துவிடு" என்றுதான் எழுதிற்று. ஆகவே எழுதவில்லை.

பின்கட்டு அறையில் இப்போது சேணங்களை அடுக்கியிருக்கிறேன். உன் வண்டி எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

உன் அண்ணன்
அன்செல்மோ

*

சாந்தோஸ் துறைமுகம்
5 அக்டோபர் 1986

அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருங்கள். நான் நலம். இந்த முறை அது பொய்யில்லை.

உன் கடிதத்தை வால்டெலீனா அம்மாவின் முன்னால் படித்தேன். அவள்மேல் பாய்ந்தேன். "ஆமா எழுதுனேன். நீ சொல்ல மாட்ட, அவரு கேக்க மாட்டாரு. ரெண்டு வீம்புக்கும் நடுவுல நான் நிம்மதியா மீன் பொரிக்க வேணாமா?" என்றாள். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து எழுதிய பொய்யெல்லாம் வீண் என்று அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அதற்கப்புறம் உன்மேல் கோபம் வந்தது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு முகத்தைக் காட்டாமல் போனாய். இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு இருந்தேன். மூன்றாம் நாள் அந்த மரத்தடியில் போய் நின்று முற்றத்தைப் பார்த்தேன். எல்லாம் தெரிகிறது. அங்கே நிற்பது உனக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. நான் விழுந்தது அவ்வளவு கடினமில்லை.

செப்டம்பர் இருபத்திரண்டு காலை கிளம்பினேன். எட்டு மாதம் இருந்த தீவு. அழகான இடம்தான், ஆனால் நான் அங்கே இருந்தது அழகுக்காக இல்லை. ஜாசிர் பிரேக்கை ஐந்து தடவை பிடித்துப் பார்த்தார். வால்டெலீனா அம்மா வெளியே வரவில்லை. ஜன்னலிலிருந்து, "போற வழியில பூண்டு நல்லாருந்தா அனுப்பு" என்று கத்தினாள். பாலத்தைத் தாண்டியதும் ஜனவரியில் விழுந்த இடத்தைத் தேடினேன். எதுவென்று தெரியவில்லை.

இப்போது ஒரு விஷயம். நேற்று இங்கே பெட்ரோல் போடும் இடத்தில் தரையெல்லாம் எண்ணெய். பொய்க்கால் வழுக்கி வண்டியோடு விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வண்டியின் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள். நான் நானாகவே எழுந்தேன். இதை வேறு யாருக்கும் எழுதவில்லை. இனிமேல் விழுந்தால், விழுந்தேன் என்றே உனக்கு எழுதுவேன்.

நீயும் ஒன்று செய். அடுத்த முறை நான் இருக்கும் ஊருக்கு வந்தால், அது பெலெம் ஆனாலும் சரி, தெருவில் நிற்காதே. வந்து கதவைத் தட்டு. திறக்கக் கொஞ்சம் நேரமாகும். நானே நடந்து வந்து திறப்பேன்.

நீவா